‘போ’ என்றொரு இத்தாலியச் சொல்

1

ஜெனோவாவின் குளிர்கால மழை நம் ஊர் மழை போலக் கொட்டிவிட்டு ஓய்வதில்லை. சல்லடையில் சலித்த மாதிரி வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். போன மாதம் அப்படி ஒரு மத்தியானம். நான் வேலை பார்க்கும் தையல் கூடத்தில் சாப்பாடு முடிந்திருந்தது. ஊசியை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. இத்தாலிய மொழியில் உனக்கு ரொம்பப் பிடித்த சொல் எது?

ஆரம்பித்தவள் காஜா எடுக்கும் ஜூலியா. அவளுக்குப் பிடித்தது ‘மகாரி’. கல்யாணம் எப்போது என்று யார் கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்வாள். ‘ஒருவேளை’ என்றும் அர்த்தம், ‘அப்படி மட்டும் நடந்துவிட்டால்’ என்ற ஏக்கமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆசையைச் சொன்னதும் ஆயிற்று, சொல்லாமல் தப்பித்ததும் ஆயிற்று, அதனால்தான் பிடிக்கும் என்றாள்.

நுன்சியா தெற்கே நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவளுடைய சொல் ‘கொன்ட்ரோரா’. எதிர்ப்பொழுது என்று வேண்டுமானால் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். வெயில் உச்சிக்கு வந்து, கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, தெருவில் நாய்கூட நடக்காத நேரம். அந்த நேரத்தில் வெளியே போனால் காத்து கருப்பு அடிக்கும் என்று அவள் ஊரிலும் பிள்ளைகளை மிரட்டுவார்களாம். வடக்கே வந்த பிறகு அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, இங்கே அந்த வெயிலும் இல்லை, அந்தத் தூக்கமும் இல்லை என்றாள். சொல்லும்போதே அவள் கண் செருகியது.

கடையின் சொந்தக்காரி அதேலே அம்மாள் விதவை. தனியாக இருக்கிறாள். ‘பெர்மெஸ்ஸோ’ என்றாள். கதவு திறந்தே இருந்தாலும் வாசற்படியில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கும் சொல். அதை யாராவது வந்து சொல்லும்போதுதான் தன் வீடு இன்னும் வீடாக இருக்கிறது என்று தோன்றுமாம்.

பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. ‘போ’ என்றேன்.

சிரித்துவிட்டார்கள். அது ஒரு சொல்லா, பெருமூச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற சத்தம் என்றாள் ஜூலியா. அவர்களுக்கு நான் காரணம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு என் இத்தாலியன் போதாது. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நம் எழுத்தில் எழுதினால் ‘எழுந்து போ’வில் வருகிற போவும் இத்தாலியரின் போவும் ஒன்றுதான். சொல்லும்போதுதான் வேறுபாடு. அவர்களுடையது ‘போண்டா’வில் வருகிற போ. தெரியாது என்று அர்த்தம். ஆனால் வெறும் தெரியாது இல்லை. தோளைத் தூக்கி, கீழுதட்டைப் பிதுக்கி, ‘யாருக்குத் தெரியும், எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, விடு’ என்று அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற சொல். இரயில் எப்போது வரும்? போ. இந்த மழை நிற்குமா? போ. அதைச் சொல்வதில் இவர்களுக்கு வெட்கமே கிடையாது. சொன்னதும் இரண்டு பேரும் கொஞ்சம் இலேசாகிவிடுவார்கள்.

என்னைப் பெற்ற அத்தாவின் வீட்டில் வளர்ந்த எனக்கு அது பெரிய அதிசயம். செங்கல்பட்டு பஜாரில் இப்ராஹீம் பாய் கயிற்றுக்கடை என்றால் தெரியாதவர்கள் குறைவு. கட்டுமரக்காரர்கள் முதல் கிணற்றுக்கு வடக்கயிறு வாங்க வரும் சம்சாரிகள் வரை அவரிடம் கயிறு வாங்கியது பாதி, யோசனை வாங்கியது பாதி. பெண் எடுக்கலாமா, வழக்குப் போடலாமா, மாட்டை விற்கலாமா, எல்லாவற்றுக்கும் அவரிடம் முடிவு இருந்தது. தான் கால் வைக்காத ஊருக்குக்கூட வழி சொல்லுவார். அவர் சொன்ன வழியில் போய் வேறு ஊரில் இறங்கியவர்கள், திரும்பி வந்து தங்கள் மேல்தான் தப்பு என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

என் விஷயத்திலும் முடிவு சொன்னார். என் வீட்டுக்காரர் ஹமீது கோவளத்துக்காரர். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷம் ஜெனோவாவில் கப்பலை விட்டு இறங்கி, கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கிடங்கில் சேர்ந்துகொண்டு, என்னை வரச்சொல்லி எழுதினார். அத்தா சொன்னார்: “அவன் வருவான். நீ போவத் தேவல.” எங்கள் குடும்பத்தில் பெண்கள் யாரும் கடல் தாண்டியதில்லை. நான் தாண்டினேன். காதர் அண்ணன்தான் என்னைப் பம்பாய் வரை கொண்டுபோய்க் கப்பல் ஏற்றினார். ஸ்டேஷனுக்குப் போன ஜட்கா கடை வாசல் வழியாகத்தான் போனது. அத்தா யாருக்கோ கயிறு அளந்துகொண்டிருந்தார். தலை தூக்கவில்லை.

பிறகு ஏழு வருஷம். அண்ணன் கடிதம் எழுதுவார். அத்தா சலாம் சொன்னார் என்ற வரி மட்டும் எதிலும் இருக்காது.

இங்கே அவருடைய பெயர்தான் என் பெயர் என்பதைச் சொன்னால் நம்புவீர்களா? அந்நியர்கள் வருஷா வருஷம் போலீஸ் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். முதல் தடவை குமாஸ்தா என் குடும்பப் பெயரைக் கேட்டார். அப்படி ஒன்று நமக்கு ஏது? அவர் பேனாவைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். அத்தாவின் பெயரைச் சொன்னேன். அதையே எழுதிக்கொண்டார். அன்று முதல் அந்த நீளமான கூடத்தில் “இப்ராயிம்!” என்று கூப்பிட்டால் நான் எழுந்து போக வேண்டும். என்னோடு பேசாத மனிதரின் பெயரை ஒரு வெள்ளைக்காரர் உரக்கச் சொல்ல, ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் எழுந்து நிற்பேன்.

என் சொந்தப் பெயரிலும் சிக்கல். ஜமீலா என்றால் அவர்கள் காதில் ‘ஜெமெல்லா’ என்று விழும். இரட்டைப் பிள்ளை என்று அர்த்தமாம். இன்னொருத்தி எங்கே என்று சிரிப்பார்கள். அவள் செங்கல்பட்டில், ஏரிக்கரையில் இருக்கிறாள் என்று சொல்லத் தோன்றும். மீனுக்கு ‘பெஷே’, ஒருவகைப் பழத்துக்கு ‘பெஸ்கே’. மீன் கேட்கப் போய்ப் பழத்தோடு வீடு திரும்பியது எத்தனை தடவை. அன்றைக்கெல்லாம் குழம்பு கிடையாது.

என் மகள் மரியத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் வந்ததே இல்லை. இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, வீட்டில் இத்தாலியனே பேசுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்றார். ஹமீது தலையாட்டிவிட்டு வந்தார். நான் கேட்கவில்லை. தமிழில்தான் பேசினேன். ஆனால் பதில் இத்தாலியனில்தான் வரும். “சோறு வேணுமா?” என்றால் “ஸீ.” “தூக்கம் வருதா?” என்றால் “நோ.” நான் ஒரு கரையிலிருந்து கூப்பிட, அவள் மறு கரையிலிருந்து பதில் சொல்வாள். ஆறு வயதுவரை அவள் வாயிலிருந்து தமிழில் ஒரு முழு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

3

அத்தாவுக்குப் பக்கவாதம் என்று அண்ணன் தந்தி அடித்தார். ஹமீதுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் மரியமும் கிளம்பினோம். கப்பல் பம்பாய் சேரும் வரை, பிறகு மதராஸ் வரை, அத்தா என்னிடம் என்ன சொல்வார் என்பதுதான் நினைப்பு. திட்டுவார் என்று ஒரு மனம். கையைப் பிடித்துக்கொள்வார் என்று ஒரு மனம். செங்கல்பட்டு நெருங்கும்போது இரயில் ஏரியை ஒட்டி ஓடியது. காலை வெளிச்சத்தில் தண்ணீர் எது வானம் எது என்று தெரியவில்லை. இது கடலா என்று மரியம் இத்தாலியனில் கேட்டாள். ஏரி என்றேன். அந்தச் சொல்லை ஏழு வருஷத்தில் முதல் தடவையாக உரக்கச் சொல்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அத்தா ஜன்னல் ஓரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலக்கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. நான் சலாம் சொன்னேன். அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு எதையோ தேடியது. பிறகு சொன்னார்:

“போ.”

அண்ணி என் தோளைத் தொட்டாள். அண்ணன் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சொன்னார்.

“மன்சுல வச்சிக்காத தங்கச்சி. அது ஒண்ணுதான் வாயில நின்னுகீது. எல்லாரையும் அதத்தான் சொல்லிகினு கீறாரு. கஞ்சி குடிக்கிறீங்களான்னு கேட்டாகூட அதான்.”

டாக்டரும் அப்படித்தான் சொன்னாராம். எந்தச் சத்தம் மிஞ்சும் என்பது நோயாளியின் கையில் இல்லை, அதற்கு அர்த்தம் கிடையாது. எனக்குப் புரிந்தது. ஆனாலும் இத்தனை ஆயிரம் சொற்களில் அது ஏன் மிஞ்ச வேண்டும்?

என்னை மட்டும் அல்ல, அது பலரைப் புண்படுத்தியிருந்தது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வருகிற வரதன் ஒரு வக்கீல் குமாஸ்தா; அத்தாவின் முப்பது வருஷ சிநேகிதர். உடம்பு சரியில்லை என்று கேட்டு ஓடிவந்தவரைப் பார்த்து அத்தா போ என்றிருக்கிறார். மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். அண்ணன் போய் எவ்வளவோ சொல்லியும், பாயே வெளியே அனுப்பின பிறகு நான் எந்த முகத்தோடு வருவது என்றாராம். கடைக்கு வருகிறவர்களும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஊரே வந்து முடிவு கேட்ட மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிடந்தார்.

4

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, காலையில் நான் அண்ணியோடு அடுப்படியில் இருந்தேன். மரியம் அத்தாவின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாடு போயிற்று. அதன் கொம்பில் ஏன் வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்று அவள் இத்தாலியனில் கேட்டது காதில் விழுந்தது.

“போ” என்றார் அத்தா. நோய் வாயைக் கனக்க வைத்திருந்ததால், அது போண்டாவின் போவாகத்தான் வந்தது. இத்தனை நாள் எங்களுக்குக் காது இல்லை.

மரியம் கலகலவென்று சிரித்தாள். தோளைக் காதுவரை தூக்கி, உதட்டைப் பிதுக்கி, அவளும் “போ” என்றாள். பிறகு அடுத்த கேள்வி. அந்தக் காக்கைக்குப் பெயர் இருக்குமா? போ. இரயில் கூவுவது எதற்கு? போ. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் மாறி மாறி. நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். அந்தச் சொல்லைக் கேட்டு அத்தாவின் எதிரில் ஒருவரும் சிரித்ததில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படுத்ததிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஓர் உயிர் வந்ததில்லை என்றாள் அண்ணி.

மரியம் என்னிடம் ஓடிவந்து, தாத்தாவுக்கு இத்தாலியன் தெரியும் என்று ஏன் சொல்லவே இல்லை என்று கோபித்துக்கொண்டாள். இத்தாலியனில் தாத்தாவுக்கு ‘நொன்னோ’. நாங்கள் ‘நன்னா’ என்போம். அந்த வித்தியாசத்தை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை.

“தெரியாதுன்னா? நம்ம அத்தாவா?”

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அன்றே சாயங்கால வண்டியில் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனார். சனிக்கிழமை வரதன் வந்தார். கொஞ்சம் கூச்சத்தோடு வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, முப்பது வருஷமாகக் கேட்ட கேள்வியைக் கேட்டார்.

“மழ வருமா பாய்?”

“போ.”

வரதன் நெஞ்சுக்கு நேரே இரண்டு கையையும் விரித்து, தோளைத் தூக்கினார். மரியம் அவருக்கு உதட்டை எப்படிப் பிதுக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். அன்று அவர் கடைசி வண்டிக்குத்தான் கிளம்பினார்.

அப்புறம் பஜாருக்கே அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. எதிர்க்கடை மளிகைக்காரர் விலை ஏறுமா என்று கேட்பவர்களிடம் தோளைத் தூக்க ஆரம்பித்தார். “எம்மாம் சொகமா கீது இது. தெர்லன்னு வாயத் தொறந்து சொன்னா மருவாதி போவும், இது சொன்னா ஒண்ணும் போவல” என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். இந்தச் சொல்லை ஏன் நேசிக்கிறார்கள் என்று இத்தாலியரைக் கேட்டால்கூட இதைவிட நன்றாகச் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. போ என்னும்போது அத்தாவின் இடத் தோள் கொஞ்சம் அசைய ஆரம்பித்தது. அது தானாக வெட்டி இழுப்பது என்றார் அண்ணன். எனக்கும் நிச்சயமில்லை.

5

அத்தா இப்போது இல்லை. நாங்கள் ஜெனோவா திரும்பிய அந்த வருஷ மழைக்காலத்தில் மௌத்தானார். காலையில் கஞ்சி குடித்து, ஜன்னலைப் பார்த்தபடியே அடங்கிவிட்டதாக அண்ணன் எழுதினார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது செங்கல்பட்டு வீட்டில்தான் என்றாலும், என் நினைவில் அவர் மாமல்லபுரத்துக் கடற்கரையில்தான் இருக்கிறார். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

கடல்காற்று நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடற்கரைக்கு எங்கள் கடைக் கயிறு ஏற்றிப்போகும் மாட்டு வண்டி மாதம் ஒரு தடவை போகும். கயிற்றுச் சுருள்களின் மேல் வைக்கோலும் ஜமக்காளமும் பரப்பி அத்தாவைச் சாய்த்து உட்கார வைத்தோம். விடியும்போது கிளம்பினோம். திருக்கழுக்குன்றத்தில் மாட்டை அவிழ்த்து, குளத்தங்கரையில் சாப்பிட்டோம். மரியம் அத்தாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். வண்டி ஆட ஆட, தேங்காய்நார் வாசனையில் எனக்கும் பாதித் தூக்கம். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் வயல், பனைமரம், மறுபடி வயல். பிறகு சவுக்குத் தோப்பு வந்தது. அந்தச் சத்தத்தைக் கடல் என்று நினைத்தேன். தோப்பு முடிந்தபோது உண்மையான கடலே வந்துவிட்டது.

ஜெனோவாவின் கடல் துறைமுகத்துக் கடல். கப்பல்களுக்கு நடுவில் எண்ணெய் மினுக்கிக்கொண்டு சும்மா கிடக்கும். இது வேறு. அஸர் தொழுகை நேரத்துச் சாய்வெயிலில் கரைக்கோயில் மணல் நிறத்திலேயே நின்றது. கட்டுமரக்காரர்கள் அத்தாவைத் தூக்கிவந்து, மணலில் இழுத்துப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அண்ணன் கயிற்றை இறக்கப் போனார். மரியம் அலையோரமாக ஓடினாள். நானும் அத்தாவும் மட்டும்.

இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமாட்டேன் என்று தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

“அத்தா, நான் போனது தப்பா?”

அலை வந்து போயிற்று. இன்னொன்று வந்தது. அவர் கேட்டாரோ இல்லையோ என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது.

“போ.”

சொல்லிவிட்டு, இடத் தோளைத் தூக்கினார். மெல்ல, கனமான எதையோ தூக்குகிற மாதிரி, முழுசாகத் தூக்கினார். கீழுதடு முன்னால் வந்தது. கண் என்னை விட்டு நகரவில்லை. அது தானாக வெட்டி இழுத்தது இல்லை.

ஏழு வருஷம் அவரிடமிருந்து ஒரு முடிவுக்காகக் காத்திருந்தேன். தப்பு என்றோ, தப்பில்லை என்றோ. எது வந்தாலும் தலையில் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்தேன். ஊருக்கெல்லாம் முடிவு சொன்ன மனிதர் என் விஷயத்தில் தனக்குத் தெரியவில்லை என்கிறார். சொல்லிவிட்டு அந்தத் தெரியாமைக்குள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் வாழ்நாளில் யாருக்கும் கொடுக்காததை எனக்குக் கொடுத்துவிட்டார் என்று தோன்றியது. அவருடைய உயிருள்ள கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. அடக்கவில்லை.

பாவாடை நனைந்து காலில் ஒட்டிக்கொள்ள, மரியம் ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்ன சொன்னார் என்று இத்தாலியனில் கேட்டாள். அவர் சொன்னதை நான் அப்படியே சொன்னேன். அவளுக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. நான் அழுவது அந்தச் சொல் புரியாததனால்தான். மீன் கேட்டுப் பழம் வாங்கி வருகிற அம்மா அல்லவா.

என் எதிரில் மணலில் முட்டிபோட்டு உட்கார்ந்து, என் முகத்தை இரண்டு ஈரக் கையாலும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

“அழுவாதம்மா. நன்னாவுக்குத் தெர்லியாம்.”